தரைவீடும் தொலைவும்



சென்ற மாதம், எங்கள் பள்ளிக்குப் புதிதாகப் பணியமர்த்தம் பெற்று வந்துள்ள இளம் ஆசிரியை ஒருவர், ஓய்வு நேரத்தில் என் மேசைக்கு எதிரே வந்து அமர்ந்தார். கையில் இரண்டு வீடமைப்புத் திட்டங்களின் வண்ண விளம்பரத் தாள்கள். ஒன்று செமினியில், மற்றொன்று ரவாங்கிற்கு அப்பால்.

"அக்கா, நீங்க ரவாங் பக்கம் இருந்தவங்கதானே? அங்க வீடு வாங்கலாமா?"

"அந்த வீட்டு வாசல்ல இருந்து ஒரு திங்கட்கிழமை காலையில அஞ்சரை மணிக்குக் கிளம்பி இங்க வந்து பாரும்மா. அப்புறம் பேசலாம்" என்றேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் பின்னக் கணக்கோடு காத்திருந்தார்கள். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். அவரைப் போன்றே வீடு தேடிக்கொண்டிருக்கும் இளம் ஆசிரியர்கள் வேறு சிலருக்கும் இது பயன்படலாம்.

என் தந்தையார் உலு சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர். லயத்து வீட்டிலிருந்து பிரட்டுக் களத்திற்கு ஐந்து நிமிட நடை. பெயர் கொடுத்துவிட்டு அங்கிருந்து வெட்டுக்காட்டிற்கு மிதிவண்டி. கோயில், பள்ளி, மளிகைக்கடை எல்லாம் கூப்பிடு தூரம். வீட்டுக்கும் வேலைக்கும் இடைப்பட்ட தொலைவு என்று ஒன்று உண்டென்பதையே எங்கள் பெற்றோர் தலைமுறை அறிந்திருக்கவில்லை. ஆனால், அந்த வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். முப்பது ஆண்டுகள் குடியிருந்தாலும் ஓர் ஆணி கூடச் சொந்தமில்லை.

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது நம்மவர்களில் பலர் அடுக்குமாடிகளுக்குச் சென்றார்கள். இன்று புத்ராஜெயா நிற்கும் நிலத்தில் இருந்த பிராங் பெசார் முதலிய தோட்டங்களின் மக்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தது பலருக்கும் தெரிந்த வரலாறு. ஆகவேதான் எங்கள் வீடுகளில் 'பிளாட்' என்ற சொல்லுக்கு ஒரு கசப்பு உண்டு. தரைவீடு என்றால் முன்னேற்றம்; அடுக்குமாடி என்றால் வேறு வழியில்லாமல் போனது. இந்தக் கணக்கை என் தந்தையார் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருந்ததில்லை.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்றாண்டு டிப்ளோமா முடித்து 2004இல் எனக்கு முதல் பணியமர்த்தம் கிடைத்தது, உலு சிலாங்கூரில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில். என் கணவருக்கு ரவாங் தொழிற்பேட்டையில் வேலை. 2006இல் புக்கிட் செந்தோசாவில் ஒரு மாடி இல்லாத மூலை வீடு, பக்கவாட்டில் நிலத்தோடு, 95 ஆயிரம் வெள்ளிக்கு வந்தது. அரசு ஊழியர் வீட்டுக் கடன் 4 விழுக்காட்டு வட்டியில் கிடைத்தது. பள்ளிக்குப் பதினைந்து நிமிடம், கணவரின் தொழிற்சாலைக்கு இருபத்தைந்து நிமிடம். இதைவிடப் பொருத்தமான வீடு எங்களுக்கு அமைந்திருக்க முடியாது என்றே இன்றும் சொல்வேன். அம்மாவுக்கு அந்த வீட்டைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அப்பா தோட்டத்திலிருந்து இரண்டு பெட்டிகளோடும் ஒரு மண்வெட்டியோடும் வந்து சேர்ந்தார். ஓராண்டிற்குள் பக்கவாட்டு நிலத்தில் முருங்கை, கறிவேப்பிலை, வாழை, செம்பருத்தி, வேலியோரம் கருணைக்கிழங்கு எல்லாம் வந்துவிட்டன. மாலையில் வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்திருப்பார். வருவோர் போவோருக்கு அது தம் வீடு என்று தெரிய வேண்டும் என்பதுதான் காரணமென்று நினைக்கிறேன்.

பிறகு வேலைகள் நகர்ந்தன. வீடு நகரவில்லை.

தோட்டத்தில் மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்ததால் ஆசிரியர்கள் மிகையாயினர். 2008 சனவரியில் எனக்குப் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு மாற்றல் வந்தது. வீட்டிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர். அடுத்த ஆண்டே கணவரின் தொழிற்சாலை ஷா ஆலாமுக்கு இடம் மாறியது. அவருக்கு 60 கிலோமீட்டர். ஆக, இரண்டே ஆண்டுகளில், எல்லா வகையிலும் பொருத்தமான வீடு எல்லா வகையிலும் தொலைவான வீடாகிவிட்டது. வீட்டில் ஒரு செங்கல் கூட இடம் மாறவில்லை.

வருகைப் பதிவில் 7.20க்குள் நேரம் விழ வேண்டும். தாண்டினால் சிவப்பெழுத்து. அதனால் காலை 5.30க்குப் புறப்பாடு. புக்கிட் பெருந்தோங் சாவடியில் நுழைந்து வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் இறங்கினால், ரவாங் வரை நெடுஞ்சாலை நம்முடையது. அதன் பிறகு அது எல்லாருடையதும். சுங்கை பூலோவில் நெடுஞ்சாலையின் குறுக்கே ஒரு மேம்பால உணவகம் இருக்கிறதல்லவா? அதுதான் என் கடிகாரம். அதன் அடியை 6.10க்குக் கடந்தால் பள்ளியில் அமைதியாக ஒரு கோப்பை தேநீர் குடிக்கலாம். 6.20க்குக் கடந்தால் நேரே வகுப்பறைக்கு ஓட வேண்டும். 6.30 ஆகிவிட்டால் தலைமையாசிரியரிடம் சொல்லக் காரணம் தேட வேண்டும். வீட்டில் பத்து நிமிடம் பிந்தினால் சாலையில் முப்பது நிமிடம் பிந்தும் என்பதை நான் பாடநூலில் படிக்கவில்லை.

அந்த ஆண்டு ஜூன் 5ஆம் நாள் பெட்ரோல் விலை லிட்டருக்கு 1 வெள்ளி 92 காசிலிருந்து ஒரே இரவில் 2 வெள்ளி 70 காசானது. முதல்நாள் இரவு எண்ணெய் நிலையங்களில் நின்ற வரிசையை மறந்திருக்க மாட்டீர்கள். நாளுக்குப் போக வர 110 கிலோமீட்டர், எங்கள் சிறிய மகிழுந்திற்கு எட்டரை லிட்டர், மாதத்திற்கு இருபது நாள் என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 130 வெள்ளி கூடுதல் செலவு. சாலைக் கட்டணம் தனி. அரசு ஆண்டுக்கு 625 வெள்ளி கழிவு கொடுத்தது. அஞ்சல் நிலையத்தில் வரிசையில் நின்று வாங்கினேன். ஐந்து மாதத்திற்குக் கூடப் போதவில்லை. அந்த ஆண்டு இறுதிக்குள் விலை மீண்டும் இறங்கியது உண்மைதான். ஆனால், 95 ஆயிரம் வெள்ளி வீட்டின் விலை உண்மையில் 95 ஆயிரம் வெள்ளியன்று என்பதை அந்த ஜூன் மாதம்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

பணத்தையாவது எழுதி வைத்தேன். நேரத்தை எழுதி வைக்கவில்லை. காலையில் ஒன்றேகால் மணி, மாலையில் ஒரு மணி, ஆண்டுக்கு இருநூறு பள்ளி நாள். மொத்தம் 450 மணி நேரம். இருபத்து நான்கால் வகுத்தால் ஏறத்தாழ 19 நாள், இரவும் பகலும் சேர்த்து. உலக வங்கி 2015இல் வெளியிட்ட மலேசியப் பொருளாதார அறிக்கையொன்று, கோலாலம்பூர் பெருநகர மக்கள் ஆண்டுக்கு 25 கோடி மணி நேரத்திற்கு மேல் நெரிசலில் கழிப்பதாகக் கூறியது. அத்தனை பெரிய எண்ணைப் படிக்கையில் ஒன்றும் தோன்றவில்லை. 19 நாள் என்பதுதான் உறைத்தது. ஆண்டுதோறும் பள்ளி விடுமுறையில் தமிழகத்திற்கு ஒரு சுற்றுலா போய் வரலாம்.

இரயிலில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். செரண்டா நிலையத்திலிருந்து இரண்டு முறை முயன்று பார்த்தேன். நிலையத்திற்கு மகிழுந்து, ரவாங்கில் ஒரு மாற்றம், கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி.க்கு இன்னொரு மாற்றம், இறங்கியபின் ஒரு நடை. தூக்கத்தில் தள்ளாடும் ஏழு வயது மகளோடு இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. கொமுட்டர் இரயில் நல்ல சேவைதான். ஆனால், நிலையம் 'அருகில்' இருப்பது வேறு, அந்த இரயில் நாம் போகும் பக்கம் போவது வேறு. விளம்பரத் தாள்களில் முதலாவதை மட்டுமே அச்சிடுகிறார்கள்.

மகள் பாலர் பள்ளி முதல் ஆறாம் ஆண்டு வரை என்னோடுதான் வந்தாள். 2011 முதல் 2017 வரை ஏழு ஆண்டுகள். இரவிலேயே சீருடை அணிந்து படுப்பாள். விடியலில் அப்படியே தூக்கிப் பின்னிருக்கையில் கிடத்துவேன். காலையுணவு டாமான்சாரா சாவடி தாண்டியபின் ஒரு ரொட்டித் துண்டு. பள்ளித் தோழிகள் பெட்டாலிங் ஜெயாவில். வீட்டருகே தோழிகள் இல்லை. அண்டை வீட்டுக் குழந்தைகளின் பெயர் அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும்.

2013இல் ஒரு மாலை மழையில் என் கணவர் விசையுந்திலிருந்து விழுந்தார். மழைக்கு விசையுந்தோட்டிகள் மேம்பாலங்களின் அடியில் ஒதுங்குவதைப் பார்த்திருப்பீர்கள்; அப்படி ஒதுங்கப் போகையில் சக்கரம் வழுக்கிவிட்டது. காறை எலும்பு முறிவு. பின்னால் வந்த சரக்குந்து ஓட்டுநர் நிறுத்திவிட்டார். நிறுத்தியிருக்காவிட்டால் என்ற நினைப்பு எங்கள் வீட்டில் யாரும் பேசாத ஒன்று. ஆறு வாரம் வீட்டில் இருந்தார். அப்போதுதான் முதன்முறையாக, "வேற இடம் பார்ப்போமா?" என்றார். நான் அப்பாவின் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். மேலும் நான்காண்டுகள் அப்படியே ஓடின.

என் மனத்தை மாற்றியது விபத்தன்று. சொல்ல வெட்கமாகவே இருக்கிறது. ஒரு மாணவனின் தூக்கம். 2016இல் என் இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஒரு பையன் முதல் பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்த்துவிடுவான். இரவெல்லாம் தொலைக்காட்சி பார்க்கிறான் என்று முடிவுகட்டி எழுப்பி நிற்க வைத்தேன். ஒரு முறையன்று, பல முறை. ஒருநாள் சுங்கை பூலோ நெரிசலில் என் மகிழுந்து நின்றுகொண்டிருந்தபோது பக்கத்துத் தடத்தில் ஒரு பள்ளி வேன். சன்னல் கண்ணாடியில் கன்னம் அழுந்த ஒரு சிறுவன் தூங்கிக்கொண்டிருந்தான். அவன்தான். அவன் குடும்பம் பள்ளிக்கு அருகிலிருந்த குடியிருப்பை விட்டு வெகுதூரத்து அடுக்குமாடிக்கு மாறியிருந்தது. குடிபோன இடத்தில் அருகே தமிழ்ப்பள்ளி இல்லாததால் பழைய பள்ளியிலேயே தொடர்ந்திருக்கிறான். நான் என் பின்னிருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். என் மகளும் அதே வாகில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆசிரியரின் மகளென்பதால் அவளை எந்த ஆசிரியரும் எழுப்பி நிற்க வைத்ததில்லை, அவ்வளவுதான் வேறுபாடு. அன்று முதல் அந்தப் பையனை முதல் பாடவேளையில் எழுப்புவதில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, வகுப்பில் தூங்கும் பிள்ளை எங்கிருந்து வருகிறான் என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

2017இல், மகள் படிவம் ஒன்றுக்குப் போகுமுன் இடம் மாறுவதென்று முடிவு செய்தோம். எங்கள் வருமானத்தில் பெட்டாலிங் ஜெயாவில் தரைவீடு நினைத்தும் பார்க்க முடியாது. பள்ளியிலிருந்து பன்னிரண்டு நிமிட நடையில், மின்தூக்கி இல்லாத பழைய அடுக்குமாடியில் மூன்றாம் மாடி வீடு, 2 இலட்சத்து 40 ஆயிரம் வெள்ளி. மூலை வீட்டின் பாதி அளவு. விலை இரண்டரை மடங்கு. முதற்கடனை அடைத்த பிறகே அரசு ஊழியருக்கு இரண்டாம் கடன் என்பதால் கணவரின் ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்து மீதத்தைக் கட்டி முடித்தோம். "மேல போகணும்னு படிச்சே. மூணாவது மாடிக்குத்தான் போறியா?" என்று அத்தை ஒரு திருமண வீட்டில் எல்லார் முன்னிலையிலும் கேட்டார். பந்தியில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்பா சிரிக்கவில்லை. அவரை ஒருமுறை அழைத்துவந்து காட்டினோம். ஐம்பத்தாறு படிகள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று முழங்காலைப் பிடித்துக்கொண்டார். மேலே வந்து பின்பக்கச் சன்னலைத் திறந்து கீழே எட்டிப் பார்த்தார். நிறுத்திவைத்த மகிழுந்துகளின் கூரைகள் தவிர வேறொன்றும் தெரியவில்லை. "நீங்க வந்துடுங்கம்மா. பிள்ளைக்கு நல்லது. எனக்கு மண்ணு வேணும்" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டுமா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

மூலை வீட்டிற்குத் தம்பி குடும்பத்தோடு வந்தான். அவனுக்குத் தஞ்சோங் மாலிமில் வேலை. தெற்கே ஓடும் கூட்டத்திற்கு எதிர்த்திசையில் போகிறான். காலையில் கொட்டாவி விடாமல் அரை மணி நேரத்தில் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறான். எங்களுக்குப் பொருந்தாத அதே வீடு அவனுக்கு அச்சாகப் பொருந்தியது. எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட எந்தப் பக்கம் என்பது முக்கியம். என் தோழியொருவர் பிரிக்பீல்ட்சில் இருந்துகொண்டு கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டப்பள்ளிக்குப் பல்லாண்டுகள் போய் வந்தார். தொலைவில் என்னைவிட அதிகம். களைப்பில் என்னைவிடக் குறைவு. எதிர்ப்பக்கச் சாலையில் நின்றுகொண்டிருக்கும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே போவேன் என்பார்.

புது வீட்டில் முதல் வாரம் பழக்கத்தால் நாலரை மணிக்கே விழித்துக்கொண்டேன். என்ன செய்வதென்று தெரியாமல் சமையற்கட்டில் அமர்ந்திருந்தேன். மகள் மேசையில் அமர்ந்து தோசை தின்றுவிட்டுப் பள்ளிக்குப் போனாள். கணவருக்கு ஷா ஆலம் இப்போது பதினைந்து கிலோமீட்டர் அளவே. கூட்டரசு நெடுஞ்சாலையில் விசையுந்துக்கென்றே தனித்தடம் உண்டு. மழைக்காலத்தில் ஜாலான் டெம்ப்ளர் நிலையத்திலிருந்து கொமுட்டர் பிடிக்கிறார். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்துக் கிடக்க வேண்டும், ஆனாலும் பரவாயில்லை என்கிறார். நான் நடக்கிறேன். நடக்கும் வழியில் மாணவர்களின் அம்மாக்களைப் பார்க்கிறேன். இரவு முழுதும் மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்த்துவிட்டுக் காலையில் பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துவரும் தாயை, பெற்றோர் சந்திப்பு நாளில் நான் ஒருமுறையும் கண்டதில்லை. சாலையோரத்தில் இரண்டு நிமிடம் பேசியதில் அந்தப் பிள்ளையின் வீட்டுப்பாடம் ஏன் அரைகுறையாக வருகிறது என்று புரிந்தது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இரவு எட்டு மணிக்குமேல் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. மேல்மாடிக்காரர் நள்ளிரவில் அம்மியை இழுப்பதுபோல் எதையோ இழுப்பார். எரிவாயு உருளையைத் தூக்கிவருபவர் ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதை எழுத முடியாது.

இரண்டாண்டுகளுக்கு முன் அப்பாவுக்கு நள்ளிரவில் கடுங்காய்ச்சல் கண்டது. தம்பிதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். நான் போய்ச் சேர்ந்தபோது ஊசி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். பள்ளிக்கு அருகே வர வேண்டி அப்பாவிடமிருந்து 55 கிலோமீட்டர் தள்ளி வந்தேன் என்று அன்று மருத்துவமனைத் தாழ்வாரத்தில் தோன்றியது. ஒரே வீட்டில் இருந்த காலத்தில் அவரோடு எவ்வளவு பேசினேன் என்றும் கூடவே தோன்றியது. நான்கு மணிக்கு வீடு திரும்பி, முகம் கழுவி, மாணவர் நூல்களைத் திருத்தி, ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவேன். இப்போது சனிக்கிழமைதோறும் போய் மூன்று மணி நேரம் அவரோடு வாசலில் அமர்கிறேன். இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்க முயன்றதுண்டு. முள் நிற்பதில்லை. போய் இறங்கியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சுங்கை பூலோ மேம்பாலத்தை எத்தன மணிக்குத் தாண்டுன?"

அந்த இளம் ஆசிரியைக்கு இன்னும் சில சொல்ல வேண்டும். ஆசிரியர்களாகிய நாம் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில்லை, இலாகா அனுப்புகிறது. ஆகையால் இன்றைய பள்ளிக்குப் பக்கம் என்ற ஒன்றை மட்டும் நம்பி முப்பதாண்டுக் கடன் எடுக்க வேண்டாம். நான் அப்படித்தான் எடுத்தேன். அந்த இடத்திலிருந்து எத்தனை பக்கம் போக முடியும் என்று பார்க்க வேண்டும். 2017இல் காஜாங் வரையிலும் 2023இல் புத்ராஜெயா வரையிலும் எம்.ஆர்.டி. தடங்கள் முழுமையடைந்த பின் இந்தக் கணக்கு நிறைய மாறியிருக்கிறது. என் மகள் இன்று மாதம் 50 வெள்ளி அட்டையில் எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., பேருந்து மூன்றிலும் ஏறி நகரம் முழுதும் சுற்றுகிறாள். மகிழுந்து உரிமம் எடுக்கச் சொன்னால் அவசரமில்லை என்கிறாள். திருமணமாகப் போகிறதென்றால் வருங்காலக் கணவரின் வேலையிடத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆனால், நிலப்படத்தில் இரண்டுக்கும் நடுவே புள்ளி வைக்காதீர்கள். நிலப்படத்தின் நடு, சாலையில் நடுவாக இருப்பதில்லை. பள்ளி விடுமுறையில் போய்ப் பார்த்துவிட்டு, "நாற்பதே நிமிடம்" என்று மகிழவும் வேண்டாம். முதலில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பது இழுக்கன்று.

நேற்று முன்தினம் அவர் மறுபடியும் என் மேசைக்கு வந்தார். சொன்னபடியே திங்கட்கிழமை அதிகாலை, ரவாங்கிற்கு அப்பாலுள்ள அந்த மாதிரி வீட்டின் வாசலிலிருந்து வண்டியெடுத்து வந்தாராம்.

"ஏழு இருபத்தெட்டு ஆயிடுச்சுக்கா" என்று வருகைப் பதிவின் சிவப்பெழுத்தைக் காட்டினார்.

"அப்போ என்ன முடிவு?"

விளம்பரத் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அம்மாவுக்குத் தரைவீடுதான் வேண்டுமாம்.